வெளிநாட்டார் துணையோடு நம் பிள்ளைகளுக்குப் பேரிடர் வகுப்பு: நெல்லைச் சீமையில் பார்த்ததை, பட்டதை எழுதுங்கள்

ஆற்றங்கரை டீச்சர்:

ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதற்கு அடுத்த கல்வியாண்டில் எங்கள் ஏழாம் வகுப்பும் ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள ஒரு பள்ளியும் வீடியோவில் பேச ஏற்பாடானது. எங்கள் பழைய மாணவி ஒருத்தி அங்கே ஆராய்ச்சி செய்கிறாள். ஏற்பாடு, மொழிபெயர்ப்பு எல்லாம் அவள்தான்.

நம் பிள்ளைகள் செந்தூர் எக்ஸ்பிரஸ் கதையைச் சொன்னார்கள். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப் போக, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்களுக்குப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவர்கள் முறை. ஒரு பையன் வீட்டு வாசலில் எப்போதும் தயாராக இருக்கும் பையைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். விசில், டார்ச், சின்ன ரேடியோ, தண்ணீர், காய்ந்த ரொட்டி. எங்கள் வகுப்பில் மூன்றாம் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "ரேஷன் கார்டை எந்தப் பக்கம் வச்சிருக்க?" என்றாள். மொழிபெயர்க்கிறவளுக்கே திணறல். இவள் விடவில்லை. "எங்க வீட்டுல எல்லாம் போச்சு. கார்டை மட்டும் அம்மா ஜாக்கெட்டுக்குள்ள சொருகியிருந்தா. அதைக் காட்டித்தான் வெள்ள நிவாரணம் ஆறாயிரம் வாங்கினோம்."

அந்த ஊர் ஆசிரியர் தன் பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டு, எந்தக் காகிதம் போனால் வீடு திண்டாடும் என்று தன் பிள்ளைகளைக் கேட்டார். ஒருத்தன் பாங்க் புத்தகம் என்றான். இன்னொருத்தி பாட்டியின் மருந்துக் குறிப்பேடு என்றாள். எந்த மாத்திரை, எத்தனை வேளை என்று எழுதி வைக்கிற சிறு நோட்டு அங்கே நிறைய வீடுகளில் இருக்குமாம். அதைக் கேட்டதும் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர், "எங்க ஆச்சிக்குச் சுகர் மாத்திரை" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளத்தில் மாத்திரை இல்லாமல் பெரியவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்த பிள்ளைகள்.

எனக்கு உறுத்துவது அந்த மூன்றாம் பெஞ்சுப் பிள்ளை கடைசியாகக் கேட்டது. ஒற்றை அறை வீடு, ஆறு பேர். "பையை எங்க மாட்ட டீச்சர்?"

உவரிக்காரன்:

டீச்சர், ஆற்றங்கரைக்குப் பை சரி. கடற்கரைப் பிள்ளைகளுக்குத் தயவுசெய்து பையைப் பற்றி முதலில் சொல்லாதீர்கள். ஆற்று வெள்ளம் வர மணிக்கணக்காகும். அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்று முதலிலேயே தெரியும். கடல் அப்படி இல்லை. பை எடுக்கத் திரும்புகிற நேரத்தில் ஆளே போய்விடும்.

2004-ல் நான் அஞ்சாப்பு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடல் உள்வாங்கிப் பாறையெல்லாம் தெரிந்தது. நாங்கள் பொடிப் பயல்கள் அதைப் பார்க்கக் கீழே இறங்கி ஓடினோம். சித்தப்பாதான் துடுப்பை ஓங்கி அடித்து விரட்டினார். அவருக்குச் சுனாமி என்ற சொல்லே தெரியாது. கடல் இப்படி நடந்து பார்த்ததில்லை என்ற ஒரே காரணம்.

சில வருஷம் கழித்து இந்தோனேசியாவிலிருந்து ஒரு அக்கா எங்கள் பள்ளிக்கு வந்தார். சிமெலுவே என்று ஒரு தீவு, 2004 நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிகப் பக்கம். 1907-ல் அங்கே பேரலை வந்து ஊர் ஊராக அழித்ததாம். அதைப் பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் பின்னால் போனால் மலைக்கு ஓடு, அவ்வளவுதான் சேதி. 2004-ல் அந்தத் தீவில் இருந்தவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். செத்தவர்கள் ஏழு பேர்.

அந்த அக்கா எங்களிடம், "உங்கள் பாட்டிமார் கடலைப் பற்றி என்ன பாடுவார்கள்?" என்று கேட்டார். ஆளாளுக்குப் பாடினோம். மீன் தருகிற கடல், அப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிற கடல், கடலம்மா. கடல் பின்வாங்கும் என்று ஒரு பாட்டிலும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கடலிலேயே கிடந்த ஊர். அன்றைக்கே உட்கார்ந்து நாங்களாக ஒரு பாட்டுக் கட்டினோம், "கடல் உள்ள போனா நீ வெளிய ஓடு" என்று தொடங்கும். என் மகள் இப்போது பாடுகிறாள். ஊரில் வேறு பிள்ளைகள் யாரும் பாடிக் கேட்கவில்லை. அதுதான் மனசை அறுக்கிறது.

பாளை அத்தை:

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள். நான் வேறு ஒன்றைச் சொல்கிறேன்.

என் அண்ணன் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு. வெள்ளத்துக்குக் கொஞ்ச காலம் முன்னால் வெளிநாட்டு இளைஞர்கள் சிலர் அவன் பள்ளிக்கு வந்து ஒத்திகை நடத்திவிட்டுப் போனார்கள். குனி, மேசைக்கு அடியில் போ, மேசைக் காலை இறுக்கிப் பிடி, அசையாதே. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. வீட்டில் வந்து எங்களுக்கெல்லாம் செய்து காட்டினான்.

டிசம்பர் 17 ராத்திரி வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கரண்ட் இல்லை. மாடி வீட்டுக்கு ஒவ்வொருத்தராக ஏற்றுகிறார்கள், பையனைக் காணோம். மைனி தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவியிருக்கிறாள். கட்டிலுக்கு அடியில் அவன் கால் தட்டுப்பட்டது. கட்டில் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறான். இழுத்தால் வர மாட்டேன் என்கிறான். "அசையக் கூடாதுன்னு சொன்னாங்கம்மா."

இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தாமிரபரணிக் கரையில் வந்து பூகம்பத்துக்கு ஒத்திகை நடத்தச் சொன்னது யார்? நான் யாரைப் போய்க் கேட்க?

அம்பை, ஓய்வு பெற்ற ஹெச்.எம்.:

அத்தைக்குச் சொல்கிறேன், கோபம் நியாயம். ஆனால் கோபம் போக வேண்டிய இடம் வேறு. வந்தவர்களுக்குத் தங்கள் ஊர்ப் பாடம் தெரியும். இங்கே எந்த ஆபத்து என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நாம். அரை மணி நேரம் ஒத்திகை, ஒரு படம், ஒரு சான்றிதழ் என்று முடித்துக்கொள்கிற வழக்கம் நம்முடையது.

என் அனுபவம் சின்னது. நான் வேலையில் இருந்தபோது ஜப்பானிய ஆசிரியர் ஒருவர் வந்து ஹமாகுச்சி கொரியோ என்பவர் கதையைச் சொன்னார். 1854-ல் சுனாமி வந்த ராத்திரி, இருட்டில் வழி தெரியாமல் தவித்தவர்களை மேட்டுக்கு வரவைக்க, அறுத்துக் குவித்திருந்த நெற்கதிர்ப் போருக்குத் தீ வைத்தவர். கதை முடிந்ததும் கடைசி வரிசைப் பையன் ஒருவன், "படப்புக்கு நஷ்டஈடு யார் சார் கொடுத்தா?" என்றான். விவசாயி வீட்டுப் பிள்ளை அல்லவா! வந்தவர் சிரிக்கவில்லை. யாரும் கொடுக்கவில்லை, அது மட்டுமல்ல, பிறகு தன் கைப்பணத்தைப் போட்டு ஊருக்குக் கடலோரம் கரையும் கட்டினார், பிழைப்பு இழந்த ஊர்க்காரர்களுக்கு அதிலேயே கூலியும் கிடைத்தது, 1946-ல் மறுபடி சுனாமி வந்தபோது அந்தக் கரை ஊரைக் காத்தது என்று நிதானமாகச் சொன்னார். ஐக்கிய நாடுகள் சபை நவம்பர் 5-ஐச் சுனாமி விழிப்புணர்வு நாளாக வைத்ததே அந்தச் சம்பவத்தை வைத்துத்தான்.

இனி நான் சொல்லப்போவதை இப்போது வேலையில் இருக்கும் ஆசிரியர்கள் கேட்க வேண்டும். பிள்ளைக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது குனிவதோ ஓடுவதோ இல்லை, வருவது என்ன என்று பார்க்க. நிலம் ஆடினால் மேசைக்கு அடியில், தண்ணீர் வந்தால் மேலே, கடல் என்றால் கரையை விட்டு விலகி உயரத்துக்கு, புகை என்றால் தவழ்ந்து வெளியே. நாலையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அத்தை வீட்டில் நடந்ததுதான் நடக்கும்.

அடுத்து, பிள்ளைகளைத் தெருவில் நடத்துங்கள். 2023-ல் தண்ணீர் எதுவரை நின்றது என்று வீட்டுக்கு வீடு கேட்டுச் சுண்ணாம்புக் கோடு போடச் சொல்லுங்கள். ஆறு மட்டும்தான் வெள்ளம் என்று நினைக்க விடாதீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. ஓடை, காட்டாறு, குளம் எல்லாம் சேர்ந்து வந்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் தண்ணீர் போனதை மறக்க முடியுமா? ஆகவே பிள்ளைகள் வரைகிற வரைபடத்தில் குளத்துக் கரையும், மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் மறுகாலும் இருக்க வேண்டும். எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர், எந்த வீட்டில் கைக்குழந்தை, யார் வீட்டு மாடிக்கு எல்லோரும் போகலாம் என்றும் இருக்க வேண்டும். மெயின் சுவிட்ச் எங்கே என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும், ஆனால் ஈரக் கையோடும் தண்ணீரில் நின்றும் தொடக் கூடாது. வெள்ளம் வடிந்த பின் வீட்டுக்குள் முதலில் நுழைவது பிள்ளையாக இருக்கக் கூடாது, பாம்பு கிடக்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070, இரண்டையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

முக்கியமானது ஒன்று. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. 2023 டிசம்பர் 17-ம் ஞாயிற்றுக்கிழமை. ஜப்பானின் கோபே நகரில் 1995-ல் நிலநடுக்கம் வந்தது விடிகாலை 5.46-க்கு. எதிலும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இல்லை. நாம் மணி அடித்து, வரிசையில் நிற்கவைத்து, மைதானத்துக்குக் கூட்டிப்போய்ப் பழக்குகிறோம். வீட்டில் மணி அடிப்பது யார்? ஒத்திகையைப் பெற்றோரோடு, விடுமுறை நாளில், இருட்டிய பிறகு ஒரு தடவையாவது நடத்த வேண்டும். வெளிநாட்டுப் பள்ளியோடு பேசுவதாக இருந்தால் இதைக் கேளுங்கள், வீட்டில் என்ன பழக்குகிறீர்கள் என்று.

யோகோஹாமாவிலிருந்து ஒரு மேலப்பாளையத்தான்:

ஹெச்.எம். அய்யா, நீங்கள் கேட்கச் சொன்னதற்கு என்னிடம் பதில் இருக்கிறது.

மகன் இங்கே தொடக்கப் பள்ளியில் படிக்கிறான். வருஷா வருஷம் பிள்ளையை ஒப்படைக்கிற ஒத்திகை உண்டு. பெரிய நிலநடுக்கம் என்று வைத்துக்கொண்டு பெற்றோர் போய் அழைத்து வர வேண்டும். முதல் தடவை போனபோது என் மகன் என்னைப் பார்த்து, "வாப்பா" என்று கையை ஆட்டுகிறான். ஆசிரியை அனுப்பவில்லை. கையில் இருந்த அட்டையில் என் பெயர், உறவு எல்லாம் சரிபார்த்து, பிள்ளையிடமே "இவர் யார்?" என்று கேட்டு, குறித்துக்கொண்ட பிறகுதான் விட்டார். எனக்கு அப்போது சுருக்கென்றது. தினமும் பார்த்துத் தலையாட்டுகிற ஆசிரியைதான். வீட்டுக்கு நடந்து வரும்போது மகன் சொல்கிறான், இந்தச் சுவர் விழும், அந்தப் பக்கம் நட, இந்தப் பூங்காவில்தான் நாம் சந்திக்க வேண்டும் என்று. பள்ளியில் கற்றது தெருவுக்கு வருவது அந்த நடையில்தான்.

வரைபடம் பற்றி மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. காமாயிஷி ஊரில் 2011 சுனாமியின்போது நடந்ததை இங்கே எல்லோரும் சொல்வார்கள். உனோசுமாய் பகுதிப் பள்ளிகள் இரண்டும் ஆபத்து வரைபடத்தில் அலை வராத இடத்தில் இருந்தன. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் மூன்றாம் மாடிக்குத்தான் முதலில் போனார்கள். பக்கத்து நடுநிலைப் பள்ளிப் பெரிய பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்து இறங்கிக் கூடவே ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்த இடத்திலும் நிற்காமல் இன்னும் மேலே போனார்கள். அலை பள்ளியை மூடியது. அவர்களுக்குப் பல வருஷம் பாடம் எடுத்த கதாதா என்ற பேராசிரியர் சொன்ன முதல் விதியே, வரைபடம் சொல்வதோடு நின்றுவிடாதே என்பதுதான். உவரித் தம்பி சொல்கிற ஓட்டமும் அதுதான்.

ஏரல் கடைக்காரன்:

மேலப்பாளையம் அண்ணாச்சி சொன்னது எங்கள் வீட்டிலேயே நடந்தது.

எங்கள் கடைச் சுவரில் 1992 வெள்ளம் வந்த உயரத்துக்கு அப்பா ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அதற்கு மேல் ஆறு ஏறாது என்பது அவர் தீர்மானம். என் மகள் எட்டாம் வகுப்பில் வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவரின் வகுப்பில் இருந்தவள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூட்டைகளைக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே அடுக்கிக்கொண்டிருந்தோம். அவள் வந்து, "கோடு போன வெள்ளத்துக்குத்தான் தாத்தா, இந்த வெள்ளத்துக்கு யார் கோடு போட்டா?" என்றாள். அப்பாவுக்குக் கோபம். சின்னப் பிள்ளை பேச்சைக் கேட்டு ஊர் சிரிக்கவா என்றார். அவள் வாதாடவே இல்லை. ஆச்சியின் கையைப் பிடித்து எழுப்பி, மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு எதிர்த்த மாடி வீட்டுக்கு நடந்துவிட்டாள். ஆச்சி போனால் அப்பாவும் போகத்தானே வேண்டும்! திட்டிக்கொண்டே போனார்.

மூட்டை ஒன்றும் மிஞ்சவில்லை. தண்ணீர் கடை ஷட்டருக்கு மேலே போய்விட்டது.

பாளை அக்கா, உங்கள் அண்ணன் மகனும் என் மகளும் படித்தது ஒரே மாதிரி வகுப்புதான், வெளியிலிருந்து வந்தவர்கள் எடுத்தது. என் மகளிடம் கேட்டேன், உனக்கு மட்டும் எப்படிப் புரிந்தது என்று. அவளுக்கு வந்தவர் முதல் நாள் ஒன்றும் சொல்லித்தரவில்லையாம். உங்கள் ஊரில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தாராம். பிள்ளைகள் பதில் தெரியாமல் வீட்டுக்கு வந்து பெரியவர்களைக் கேட்டிருக்கிறார்கள். அப்பாவிடம் கோட்டைப் பற்றி அவள் விசாரித்ததும் அந்த வாரம்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்படிக் கேட்டுச் சொல்லித்தர முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஹெச்.எம். அய்யா, டீச்சர், நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் இளையவன் இந்த ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் போகிறான்.