ஈமேக்ஸ் லிஸ்ப்: நீலம் கிடைக்கிறது, தோத்தாபுரி மட்டும் சில வரிகளில் நழுவுகிறது

பர்கூர்க்காரன்:
வணக்கம். காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாங்காய் மண்டிக்கு வரத்துக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். சீட்டுகளை இரண்டு பேர் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். எல்லாவற்றையும் ஈமேக்ஸ் உரைத்திருத்தியில் ஒரே பஃபரில் (திறந்திருக்கும் உரை) ஒட்டி, ரகவாரியாக எடையைக் கூட்ட அதன் லிஸ்ப் மொழியில் ஒரு சின்ன நிரல் வைத்திருக்கிறேன். வரி இப்படி இருக்கும்:

தோத்தாபுரி | 1240 | கூழ் ஆலை

ரீ-சர்ச்-ஃபார்வர்ட் என்ற தேடல் கட்டளை கொண்டு ரகத்தைத் தேடுகிறேன். நீலம், செந்தூரா எல்லாம் ஒழுங்காக வருகின்றன. தோத்தாபுரியும் மல்கோவாவும் சில வரிகளில் சிக்குகின்றன, சில வரிகளில் இல்லை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. எடை குறைந்தால் மண்டிக்காரர் என்னைத்தான் பிடிப்பார்.

அரூர்_அக்கா:
தம்பி, அந்தத் தேடல் கர்சர் நிற்கிற இடத்திலிருந்துதான் கிளம்பும். பாயின்ட்-மின்னுக்கு, அதாவது பஃபரின் தொடக்கத்துக்கு, போய்த்தான் தொடங்குகிறீர்களா? பஃபரின் ஒரு பகுதி மட்டும் தெரியும்படி சுருக்கி வைத்திருந்தால், முழுதும் விரிய வைடன் போட்டீர்களா?

பர்கூர்க்காரன்:
இரண்டும் இருக்கிறது அக்கா. அது கோளாறாக இருந்தால் நீலமும் நழுவ வேண்டுமே.

பாலக்கோடு_லிஸ்ப்:
நழுவுகிற இரண்டு பெயரிலும் 'ோ' வருகிறது, கவனித்தீர்களா? செந்தூராவிலும் நீலத்திலும் அது இல்லை. சிக்குகிற வரியில் தோத்தாபுரி என்ற சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்து மெட்டா-சமக்குறி (பெரும்பாலும் ஆல்ட் விசையோடு =) அழுத்துங்கள். எத்தனை எழுத்துக்குறி என்று கீழே காட்டும். நழுவுகிற வரியிலும் அதே மாதிரி பாருங்கள்.

பர்கூர்க்காரன்:
சிக்குவதில் 10, நழுவுவதில் 11! பின்னால் இடைவெளி எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன்.

பாலக்கோடு_லிஸ்ப்:
அதேதான். யூனிகோடில் (எழுத்துகளுக்கு எண் தரும் முறை) 'ோ' 3019 என்ற ஒரே குறியாகவும் வரலாம்; 'ே' (3015), 'ா' (3006) என்று இரண்டாகப் பிரிந்தும் வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் தேடலும், சொற்களை ஒப்பிடும் ஸ்ட்ரிங்-ஈக்வலும் குறிகளைத்தான் ஒப்பிடும், அவற்றுக்கு இவை வேறு வேறு. 'ொ', 'ௌ' இரண்டுக்கும் இதே கதைதான், கொய்யா வந்தாலும் மாட்டும். சீட்டு அனுப்புகிற இருவரில் ஒருவருடைய விசைப்பலகை பிரித்துப் போடுகிறது போல.

தேடுவதற்கு முன் யுசிஎஸ்-நார்மலைஸ்-என்எஃப்சி-ரீஜன் என்பதை பஃபர் முழுக்க ஓட்டுங்கள், சேர்ந்த வடிவத்துக்கு மாறிவிடும். நிரலில் எழுதியிருக்கும் ரகப் பெயர்களும் சேர்ந்த வடிவத்தில்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் சிக்கல் அப்படியே திரும்பி நிற்கும்.

அரூர்_அக்கா:
மூலச் சீட்டில் கை வைக்காதீர்கள் தம்பி. வித்-டெம்ப்-பஃபர் தருகிற தற்காலிக பஃபருக்குள் நகலெடுத்து அங்கே மாற்றுங்கள். குறிகள் குறைவதால் முன்பே எண்ணாகச் சேமித்த இடங்கள் தள்ளிப் போய்விடும். இடத்தை நினைவில் வைக்க வேண்டுமென்றால் மார்க்கர் வையுங்கள், அது உரையோடு சேர்ந்து நகரும்.

பர்கூர்க்காரன்:
நகலில் ஓட்டினேன், எல்லா வரியும் சிக்கிவிட்டது. தோத்தாபுரி, மல்கோவா இரண்டின் கூட்டலும் மண்டிப் பேரேட்டோடு ஒத்துப்போகிறது. நன்றி அண்ணா, நன்றி அக்கா. இன்னொன்று, ஒருவர் சில நாள் தோத்தாபுரியைக் கிளிமூக்கு என்று எழுதுகிறார். அதுவும் இதில் சரியாகுமா?

பாலக்கோடு_லிஸ்ப்:
ஆகாது. அதற்கு ஒரு ஹாஷ் டேபிள் (ஒரு பெயருக்கு இன்னொன்றைப் பொருத்தும் அட்டவணை) போட்டு, கிளிமூக்கு, பெங்களூரா இரண்டையும் தோத்தாபுரிக்குத் திருப்பிவிடுங்கள். டேபிளை உருவாக்கும்போது டெஸ்ட் ஈக்வல் என்று கொடுக்க மறக்காதீர்கள். சும்மா விட்டால் ஈக்யூஎல் என்ற ஒப்பீடுதான் வேலை செய்யும், அதே எழுத்துகள் கொண்ட இரண்டு சரங்களைக்கூட வேறு வேறென்று சொல்லிவிடும்.