மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்ட சென்சரை ராஸ்பெர்ரி பையுடன் இணைப்பது குறித்து

ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர் மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைச் செல்பேசியில் பார்க்கும் ஏற்பாட்டுக்கு 4–20 மில்லி ஆம்பியர் வகை அழுத்த சென்சர் (தண்ணீருக்குள் கிடந்து, நீரின் அழுத்தத்தைக் கொண்டு மட்டத்தை அளந்து, காலிக்கு 4, நிறைவுக்கு 20 என மின்னோட்டமாக அனுப்புவது) வாங்க வேண்டுமா, ஒலி அலையை அனுப்பி அது திரும்பும் நேரத்தைக் கொண்டு அளக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மீயொலி சென்சர் போதாதா என்று துபாயிலிருந்து அண்ணன் கேட்டிருந்தார். போதாது என்பதே என் கருத்து. மூடிய தொட்டிக்குள் எப்போதும் இருக்கும் ஈரம் மீயொலி சென்சரின் முகத்தில் முத்துமுத்தாகப் படிந்து அளவைக் கெடுத்துவிடும். மேலும், தொட்டியிலிருந்து மோட்டார் அறைக்கு ஏறத்தாழ நூறு மீட்டர் கம்பி இழுக்க வேண்டும். அந்த அறையிலேயே ஸ்டார்ட்டரும் இருக்கிறது. அளவை மின்னழுத்தமாக அனுப்பினால் கம்பியின் தடையும் ஸ்டார்ட்டரின் இரைச்சலும் அதில் கலந்துவிடும். மின்னோட்டமாக அனுப்பினால், சுற்றின் எந்த இடத்தில் அளந்தாலும் அளவு ஒன்றே. 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, போக வர 200 மீட்டருக்கு ஏறத்தாழ 7 ஓம் தடை காட்டும்; 24 வோல்ட் சுற்றில் அது ஒரு பொருட்டே அல்ல.

காலித் தொட்டிக்கு 0 அன்றி 4 மில்லி ஆம்பியர் என்று வைத்திருப்பதில்தான் இம்முறையின் நுட்பம் உள்ளது. அந்த 4 மில்லி ஆம்பியரிலேயே சென்சர் இயங்கிவிடுவதால் இரண்டு கம்பிகள் போதும்; கம்பி அறுந்தால் அளவு 0 ஆகிவிடுவதால் பழுதும் உடனே தெரிந்துவிடும். 3.6-க்குக் கீழே போனாலோ 21-க்கு மேலே போனாலோ பழுது என்று கொள்வது நாமூர் என்னும் தொழிற்சாலைத் தானியங்கிக் கருவிப் பயனாளர் அமைப்பின் என்இ 43 பரிந்துரை. நிரல் எழுதும் தம்பிமார் இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால், எலி கடித்த கம்பியைக் காலித் தொட்டி என்று எண்ணி ஆபரேட்டர் மோட்டாரைப் போட்டுவிடுவார்; தண்ணீர் தெருவில் ஓடும்.

அளவைப் படித்துச் செல்பேசிக்கு அனுப்பப்போகும் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில், தொடர்ந்து மாறும் மின்னழுத்தத்தை நேரே அளக்கும் அனலாக் உள்ளீடு கிடையாது. அதனால் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 என்னும் 16 பிட் சில்லை, ஐ2சி என்னும் இரு கம்பித் தரவு இணைப்பு வழியாக இணைத்து, மின்னோட்டத்தை ஒரு ரெசிஸ்டர் வழியே செலுத்தி, அதன் இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். கையேடுகள் பலவும் 250 ஓம் ரெசிஸ்டரைச் சொல்லும். அது 1 முதல் 5 வோல்ட் வரை தரும். 5 வோல்ட்டை அளக்க அந்தச் சில்லுக்கு 5 வோல்ட் கொடுக்க நேரும். அப்போது சில்லு பொருத்திய மாட்யூலில், தரவுக் கம்பிகளை மின்வழங்கலோடு இணைக்கும் புல்-அப் ரெசிஸ்டர்கள் ஐ2சி கம்பிகளையும் 5 வோல்ட்டுக்கு இழுத்து, 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காத ராஸ்பெர்ரி பையின் முனைகளைப் பாழாக்கக்கூடும். எனவே 150 ஓம் போடுவோம். 0.6 முதல் 3 வோல்ட் வரை கிடைக்கும், சில்லை 3.3 வோல்ட்டிலேயே இயக்கலாம். சில்லின் 4.096 வோல்ட் வரம்பில், அது பிரித்தறியும் மிகச் சிறிய படி 0.125 மில்லி வோல்ட் என்பதால் 2.4 வோல்ட்டுக்கு 19,200 படிகள். 5 மீட்டர் சென்சரானால் ஒரு படி கால் மில்லிமீட்டர். தொட்டிக்கு இது மிகையே. ஆனால் ரெசிஸ்டர் மட்டும் 0.1 விழுக்காட்டுத் துல்லியமும், வெயிலில் மதிப்பு மாறாத தன்மையும் உடையதாக இருக்க வேண்டும். ஊர்க் கடையில் கிடைக்கும் 5 விழுக்காட்டு ரெசிஸ்டர் வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து பொங்கலுக்கு வருகிறவர்கள் பத்து எடுத்து வந்தால் நலம்.

அந்த ரெசிஸ்டர் எரிந்து அறுந்தாலோ அதன் ஸ்க்ரூ தளர்ந்தாலோ, 24 வோல்ட்டில் பெரும்பகுதி நேரே சில்லின் மேல் விழும். ஆகவே சில்லின் உள்ளீட்டுக்கு முன்னால் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று தொடராக இருக்கட்டும். அதனால் நேரும் சிறு பிழையை, தொட்டி காலியாகவும் நிறைந்தும் இருக்கும்போது ஒரு முறை அளந்து நிரலில் திருத்திக்கொள்ளலாம்.

நான் விட்டுக்கொடுக்க விரும்பாத செலவு, நேரடி மின்தொடர்பு இல்லாமல் அளவை மட்டும் கடத்தும் ஐசோலேட்டர்தான். ஊரிலேயே உயரமான கட்டடம் அந்தத் தொட்டி. சென்சரின் உடல் தண்ணீருக்குள், தண்ணீர் குழாய் வழியாக நிலத்தோடு தொடர்பில். ஐப்பசி மழையில் அருகில் ஓர் இடி விழுந்தால், இரு முனைகளின் எர்த்துக்கும் இடையே எழும் வேறுபாடு வந்து சேரும் இடம் நம் ராஸ்பெர்ரி பைதான். கம்பியின் இரு முனைகளிலும் மின்னெழுச்சியை நிலத்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டரும், அறையில் ஐசோலேட்டரும் சேர்த்தே விலை கேளுங்கள்.

சென்சர் கேபிளுக்குள் காற்றழுத்தத்தை ஈடுசெய்யும் மெல்லிய குழாய் ஒன்று வரும். அதன் வாயை யாரும் டேப் சுற்றி அடைத்துவிடக் கூடாது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்த பெட்டிக்குள் அது திறந்தே இருக்க வேண்டும். ஊராட்சியின் ஒப்புதல் கிடைத்ததும் தொட்டியின் உள் உயரத்தை அளந்து அனுப்புங்கள். அதற்கேற்ற வரம்பில் சென்சரைச் சொல்கிறேன்.