ஜீப்பைக் கண்டால் பாயும் கோம்பை நாய்: கம்பா, ஈரலா?

சுருளிக்கரை:
கம்பத்திலிருந்து கூடலூர் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. கோம்பை நாய், ஆண், இரண்டு வயது. நாங்கள் வாங்கும்வரை ஒரு திராட்சைத் தோட்டத்தில் சங்கிலியிலேயே கிடந்தது. விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்கள் குமுளி பக்கம் போகும்போதுதான் பிரச்சினை. தூரத்தில் சத்தம் கேட்டதும் வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்குகிறது. கிட்டே வந்ததும் சங்கிலி அறுந்துவிடுகிற மாதிரி பாய்கிறது. நேற்று ஜீப்புக்காக நின்றிருந்த ஒரு அக்காவின் தூக்குச்சட்டியைத் தட்டிவிட்டது. கடி இல்லை. அப்பா அடிக்கச் சொல்கிறார், தங்கச்சி ஈரல் கொடுத்துப் பழக்கச் சொல்கிறாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தோட்டக்காவல்:
தம்பி, கோம்பை காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பேர் போன நாய். குரைக்கும்போது ஈரல் கொடுத்தால் குரைத்தால் கறி வரும் என்றுதான் அது படிக்கும். கையில் கம்பு இருக்கட்டும், பாய்கிற நேரத்தில் சங்கிலியைச் சட்டென்று ஒரு சுண்டு சுண்டி இழு. வீட்டுக்குத் தலைவன் நீ என்று அதற்குப் புரிய வேண்டும். வண்டன்மேட்டுப் பக்கம் நான் வேலை பார்த்த தோட்டங்களில் நாய்கள் எல்லாம் அப்படித்தான் அடங்கி நின்றன.

குமுளி டீச்சர்:
தோட்டக்காவல் அண்ணே, தம்பி எழுதியதில் ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். வாலை இடுக்கிப் பின்வாங்குகிறது என்கிறார். அது பயம். பாய்ந்தால் ஜீப் போய்விடுகிறது, அதனால் பாய்ச்சல் பலிக்கிறது என்று நாய் கற்றுக்கொண்டிருக்கிறது. குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைதான் உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்கிற பருவம். அந்தப் பருவத்தை இது சங்கிலியில் கழித்திருக்கிறது.

ஈரல் குரைப்புக்குக் கூலி இல்லை. ஜீப் கண்ணில் பட்டது, உடனே ஈரல் வந்தது. ஜீப் மறைந்தது, ஈரலும் நின்றது. இந்த வரிசை மாறக்கூடாது. தீனிக்கு முன்னால் மணி அடித்துப் பழக்கினால், மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் காட்டினாரே, அதே வழிதான். பயம் நாய் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, அதனால் தீனி கொடுத்துப் பயத்தை வளர்க்க முடியாது. ஜீப் என்றால் நல்லது வரும் என்று உடம்பு பழகினால் பாய வேண்டிய தேவையே குறையும்.

தலைவன் கதைக்கு வருகிறேன். ஷென்கெல் என்பவர் 1947-இல், அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவியது அது. 1970-இல் தன் புத்தகத்தில் அதை ஊர் அறியச் செய்த டேவிட் மெக் என்ற ஆய்வாளரே, காட்டில் இருக்கிற ஓநாய்க் கூட்டம் தாய், தகப்பன், குட்டிகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-இல் எழுதிவிட்டார்.

தோட்டக்காவல்:
டீச்சர், படித்தவர் சொல்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அடித்த பிறகு நாய் அடங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது பொய்யா? இன்னொன்று, இது ரோடு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற இடம். மாதக்கணக்கில் நீங்கள் ஈரல் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளையைக் கடித்தால் யார் பதில் சொல்வது? ஷாக் அடிக்கிற கழுத்துப்பட்டை ஆன்லைனில் கிடைக்கிறது, இரண்டே நாளில் வேலை முடியும் என்கிறார்கள்.

குமுளி டீச்சர்:
பொய் இல்லை அண்ணே. அடங்கியது. ஆனால் என்ன அடங்கியது என்று பாருங்கள். உறுமல் அடங்கியது, பல்லைக் காட்டுவது அடங்கியது. பயம் அப்படியே உள்ளே கிடக்கிறது. உறுமுகிற நாய் நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்தப் பேச்சை அடித்து நிறுத்திவிட்டால், பிறகு சொல்லாமல் கடிக்கும். பிள்ளைகளுக்காகத்தான் நான் கம்பு வேண்டாம் என்கிறேன். ஜீப் வரும்போதெல்லாம் கழுத்தில் வலி வந்தால், ஜீப்பால்தான் வலி என்று அது கணக்குப் போடும்.

போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து ஒரு ஆய்வு 2020-இல் வந்தது. தண்டித்துப் பழக்குகிற இடங்களின் நாய்களுக்கு எச்சிலில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் கூடுதலாக ஏறியது. கொட்டாவி, உதட்டை நக்குவது மாதிரி பதற்ற அறிகுறிகளும் அவற்றிடம்தான் அதிகம். ஷாக் பட்டையைப் பற்றி அதே ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 63 நாய்களைப் பார்த்தார்கள். கூப்பிட்டால் வருவது போன்ற பழக்கத்தில், தீனி கொடுத்துப் பழக்கியதைவிட பட்டை ஒன்றும் கூடுதலாகச் சாதிக்கவில்லை. வேல்ஸ் நாட்டில் அந்தப் பட்டைக்கு 2010-லேயே தடை.

ஆட்டுக்கிடை:
நான் அண்ணன் கட்சி. என் நாய் வீட்டுக்குள் ஈரலுக்கு உயிரை விடும். வெளியே இன்னொரு நாயைப் பார்த்தால் மூக்கு முன்னால் நீட்டினாலும் திரும்பிப் பார்க்காது. தீனி எல்லாம் வீட்டுக்குள் செல்லுபடியாகிற விஷயம்.

குமுளி டீச்சர்:
தின்னவில்லை என்றால் நீங்கள் ரொம்பக் கிட்டே நிற்கிறீர்கள் என்று அர்த்தம். மற்ற நாய் தெரிய வேண்டும், உங்கள் நாய் தின்னவும் வேண்டும். அந்த இடம் முப்பதடியோ முந்நூறடியோ, அங்கே தொடங்குங்கள். நெருங்குவது பிறகு, சிறிது சிறிதாக. முறை பலிக்கவில்லை என்று நிறையப் பேர் விட்டுவிடுவது இந்தத் தூரத்தைப் பார்க்காமல்தான்.

சுருளிக்கரை:
டீச்சர், எங்களுக்கு அந்தத் தூரமே இல்லையே. வாசலில் இறங்கினால் ரோடு.

குமுளி டீச்சர்:
அப்படியானால் விடியற்காலையில் பழக்காதீர்கள் தம்பி. ஜீப் ஓடுகிற நேரம் முழுக்கப் பின்பக்க அறையில் விட்டு, ஃபேனையோ ரேடியோவையோ போட்டு, ஒரு எலும்பு கொடுங்கள். வேகவைத்த எலும்பு வேண்டாம், சிலாம்பாக உடையும். கேட்டில் கீற்றுத் தட்டி கட்டிவிடுங்கள். தினமும் பாய்ந்து பாய்ந்து பழகிக்கொண்டிருந்தால் எந்த முறையும் பிடிக்காது. பழக்கத்தைச் சாயங்காலம் தோப்பில், நிற்கிற ஒரு ஜீப்பை வைத்துச் செய்யுங்கள். கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்பில் மாட்டுகிற ஹார்னஸ். ஈரலை வேகவைத்துச் சுண்டு விரல் நகம் அளவுக்கு நறுக்குங்கள். தோட்டத்து ஊர் என்பதால் சொல்கிறேன், திராட்சை ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள், சிறுநீரகம் போய்விடும். இதற்கெல்லாம் முன்னால் கால்நடை டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். காது வலி, மூட்டு வலி இருந்தாலும் நாய் இப்படிச் சீறும். ரேபிஸ் ஊசித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டக்காவல்:
தீனி விஷயத்தில் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் ஒன்றை விடமாட்டேன். வாய்ப்பூட்டு இல்லாமல் அதை ரோட்டுப் பக்கம் கொண்டுவரக் கூடாது. யாரையாவது கீறினால்கூடச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவி, அன்றே ஊசிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

குமுளி டீச்சர்:
அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. கூடை மாதிரி இருக்கிற பூட்டு வாங்குங்கள் தம்பி. மூச்சு இரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், இடுக்கு வழியாக ஈரலும் கொடுக்கலாம். உள்ளே கொஞ்சம் தயிர் தடவி அதுவே மூக்கை நுழைக்கிற மாதிரி சில நாள் பழக்கிவிட்டு, அப்புறம் வாரை மாட்டுங்கள்.

சுருளிக்கரை:
பூட்டுக்குச் சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை தோட்ட வேலை இல்லை, மச்சான் ஜீப்பைத் தோப்பு ஓரமாக நிறுத்துகிறேன் என்கிறான். இன்ஜின் ஓட வேண்டுமா?

குமுளி டீச்சர்:
வேண்டாம். முதலில் நிற்கிற ஜீப், ஆள் இல்லாமல். அதைப் பார்த்துவிட்டு ஈரலுக்காக உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிய பிறகு மச்சானை உள்ளே உட்காரச் சொல்லுங்கள். இன்ஜின் அடுத்த வாரம், அதுவும் இன்னும் தள்ளி நின்று.