தார் பாலைவன மணல்மேட்டுல அந்திப் படம்: ஒரு ஃபில்டர் இரவல் வேணுங்க

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து போட்டோ நண்பர்களுக்கு வணக்கங்க. ஜனவரி நடுவுல நாலு பேர் ராஜஸ்தான் ஜெய்சல்மேர் போறோம். அங்க சம்ங்கிற ஊர் மணல்மேட்டுல ஒட்டகமும் ஜீப்பும் நெரிசலா இருக்கும், முகடெல்லாம் காலடித்தடம். அதனால குரி கிராமத்துப் பக்கம் எடுக்கத் திட்டம்.

முக்கியமா வேண்டியது 77 மி.மீ. லென்ஸுக்கான மூணு ஸ்டாப் சாஃப்ட் ஜிஎன்டி ஃபில்டர், ஹோல்டரோட. மேல் பாதி கருப்பா இருந்து வானத்து வெளிச்சத்தைக் குறைக்கும், கீழ வரவர கருமை மெல்லக் கரைஞ்சு தெளிவாயிடும், அந்தக் கண்ணாடிங்க. கருமை நேர்கோடு போட்ட மாதிரி சட்டுனு முடியுற ஹார்டு வேண்டாங்க. மணல் முகடு நேர்கோடா இருக்காது, வானத்துல நீட்டிக்கிட்டு நிக்கிற உச்சியும் சேர்ந்து கருத்துடும்.

சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்னாடி, வெளிச்சத்தைப் பக்கவாட்டுல வச்சாத்தான் காத்து போட்ட வரிகள் நிழலோட எழும்பும். ஐஎஸ்ஓ 100, எஃப் 11. ஃபிரேம் முழுக்க மணல்னா கேமராவோட வெளிச்ச மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கும், அதுக்கு எக்ஸ்போஷரை +0.7 கூட்டி வைக்கிறோம்.

டிரைபாடுல காலோட அடித்துண்டைத்தான் முதல்ல ஒரு சாண் இழுக்கணும், பூட்டு மணலுக்கு மேல நிக்கும். புதைஞ்சா திருகும்போது நறநறங்கும், அப்புறம் பிடிக்காது.

சந்தேகம் ஒண்ணு: 70-200 மாதிரி நீளம் மாறாத ஜூமுக்கு பாலித்தீன் கவரும் ரப்பர் பேண்டும் போதும். வெளிய நீளுற 24-70 ஜூம் தூசியை உள்ள இழுக்குமே, அதை எப்படி மூடுறீங்க? அனுபவப்பட்ட அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்க.

திரும்பி வந்ததும் சென்சார் சுத்தம் பண்ண பாலக்காட்டுலயோ கோயம்புத்தூர்லயோ நம்பிக்கையான ஆள் தெரிஞ்சாலும் சொல்லுங்க. ஃபில்டரை வீட்டுக்கே வந்து வாங்கிக்கிறோம்.