பெயர்த்தெடுத்த தரையோடு: ‘மீட்பு’ வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய வீட்டை இடிக்கும்போது தரையில் பதித்திருக்கும் பூவேலை ஓடுகளை உடையாமல் எடுத்து, சுத்தம் செய்து, வேறொரு வீட்டில் பதிக்கிறார்கள். விக்டோரியா காலத்து வீடுகளை அந்தக் களை மாறாமல் புதுப்பிப்பவர்கள் இவற்றைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். இந்தச் சரக்கைப் பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். முதல் பக்கத்திலேயே வண்டி நின்றுவிட்டது: ஆங்கிலத்தில் ‘ரீக்ளெய்ம்ட் டைல்’ (reclaimed tile) என்கிறார்களே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று உங்களிடம் கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளுக்கு நன்றி.

> மறுசுழற்சி ஓடு

இது ஆகாது. பழைய காகிதத்தைக் கூழாக்கிப் புதுக் காகிதம் செய்தால் மறுசுழற்சி. இங்கே ஓடு ஓடாகவே இருக்கிறது.

> மீட்பு ஓடு, மீட்டெடுத்த ஓடு

பலரும் இதைத்தான் சொன்னீர்கள். ஆனால் அடகு வைத்த நகையை மீட்டால் அது நம் வீட்டுக்கே திரும்பி வரும். இந்த ஓடு பிறந்த வீட்டுக்குத் திரும்புவதில்லை, வீடே அங்கு இல்லை. ‘மீட்பு’ என்றதும் கிணற்றில் விழுந்தவரும் கயிறும் நினைவுக்கு வருவது வேறு.

> மறுபதிப்பு ஓடு

பதித்ததை மறுபடி பதிக்கிறோம், சரிதானே என்று முதலில் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் மறுபதிப்பு என்றால் எல்லோருக்கும் புத்தகம்தான். அதைக்கூட விட்டுவிடலாம். பழைய வடிவத்தைப் பார்த்து இன்று புதிதாகச் சுட்ட ஓடுகளும் சந்தையில் உண்டு. அந்தச் சொல் அவற்றுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும்! வாங்குபவர் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான்.

இரண்டும் கலந்தால் என்ன ஆகும்? அந்தக் கால இங்கிலாந்து ஓட்டுக்கு வழக்கமான ஓர் அளவு 6 அங்குலச் சதுரம், அதாவது பக்கத்துக்கு 152.4 மில்லிமீட்டர். புதியது 150 மில்லிமீட்டர் அளவில் வந்தால் ஓர் ஓட்டுக்கு 2.4 மில்லிமீட்டர் குறையும். பத்து ஓடு வரிசையாக வைத்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் இடிக்கும். எனவே நம் சொல்லைப் படித்ததும் ‘இது ஏற்கெனவே ஒரு தரையில் கிடந்தது’ என்று தெரிய வேண்டும். புதிதாகச் செய்ததைப் ‘பழம்பாணி ஓடு’ என்று தனியே வைத்துவிடலாம்.

என் மேசையில் மாதிரிக்கு ஒன்று இருக்கிறது. முகப்பு வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது; ஒரு மூலை மட்டும் லேசாகப் பள்ளம், வாசற்படி ஓரத்தில் இருந்திருக்க வேண்டும். திருப்பினால் சுண்ணாம்புக் காரை. உளியின் நுனியால் தட்டினேன், பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சிமென்டில் பதித்திருந்தால் காரைக்கு முன்னால் ஓடுதான் உடைந்திருக்கும். இந்த வேலைக்குக் கொத்தனார் சொல்லும் சொல் ‘பேர்த்து எடுக்கிறது’. எழுத்தில் பெயர்த்தெடுத்தல். சொல் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்திருக்கிறது, நாம்தான் அகராதியைத் துழாவிக்கொண்டிருந்தோம். என் பரிந்துரை: பெயர்த்தெடுத்த தரையோடு.

அப்புறம் ‘தரையோடு’. ‘தரையோடு தரையாக’ என்பதுபோல் படிக்க இடமிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரையோட்டை, தரையோட்டின், தரையோடுகள் என்று உருபோ விகுதியோ ஏறியதும் குழப்பம் போய்விடும். வெறும் ‘ஓடு’ என்றால் கூரைதான் கண்ணில் நிற்கும். ‘டைல்ஸ்’ என்றே எழுதலாம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ‘ஒரு டைல்ஸ் உடைந்தது’ என்று எழுதத்தான் கை வரவில்லை.

இன்னொரு சொல்லும் பாக்கி: என்காஸ்டிக் ஓடு. ஒரு நிறக் களிமண்ணில் பள்ளமாக வடிவம் அச்சிட்டு, அதில் வேறு நிறக் களிமண்ணை நிரப்பிச் சுடுவது. 1830இல் சாமுவேல் ரைட் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஹெர்பர்ட் மின்டன் அதில் பங்கு வாங்கித் தொழிலாக வளர்த்தார். லண்டன் நாடாளுமன்றத்தின் தரையிலும் மின்டன் ஓடுகள்தான். மேலே பூசிய வண்ணம் இல்லை என்பதால் தேயத் தேய வடிவமும் கூடவே இறங்கும், சட்டென்று அழியாது. கிரேக்க மூலத்தின் பொருள் ‘சுட்டுப் பதித்தது’. முதலில் மெழுகு ஓவியத்துக்குச் சொன்ன பெயர், ஓட்டுக்காரர்கள் இரவல் வாங்கிக்கொண்டார்கள். நாம் இரவலை இரவல் வாங்குவானேன்? ‘உட்பதி ஓடு’ எப்படி இருக்கிறது?

------

> ‘பெயர்த்தெடுத்த தரையோடு’ அட்டவணைக்கு நீளம் ஐயா. ‘பெயர்த்தோடு’ என்று சுருக்கலாமே?

நல்ல சுருக்கம்தான். சந்தி பிரித்துப் பாருங்கள்: பெயர்த்து, ஓடு! பழைய வீடுகளில் இரவோடு இரவாக ஓடு திருடுபவனுக்குக் கட்டளை கொடுத்த மாதிரி இருக்கிறது. அட்டவணையில் ‘பெயர்த்தது’, ‘பழம்பாணி’ என்று இரண்டு பத்தி போட்டுவிடுகிறேன், தலைப்பில் தரையோடு வந்துவிடும். ‘உட்பதி’க்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.