பள்ளி சர்வரை நெட்வொர்க்கில் இணைத்த அனுபவம்

கணினி ஆசிரியை:
எங்கள் சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் உள்ளன. ஒன்று மோடத்துக்கு, மற்றொன்று வகுப்பறை ஸ்விட்சுக்கு, அதாவது பல கருவிகளைக் கம்பியால் இணைக்கும் பெட்டிக்கு. வைஃபை எட்டாத அறைக்காக, பழைய ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயிண்டாக (வைஃபை பரப்பும் கருவியாக) அதே ஸ்விட்சில் செருகினேன். மறுநாள் ஒரே மேசையில் அமர்ந்திருந்த இரு மாணவிகளில் ஒருத்திக்குப் பாடம் திறந்தது, அடுத்தவளுக்குத் திறக்கவேயில்லை. "நான் எதையாவது தப்பா அழுத்திட்டேனா மிஸ்?" என்று அவள் கேட்டாள். இரண்டு மடிக்கணினிகளின் ஐபி முகவரியையும் (நெட்வொர்க்கில் ஒரு கருவியைக் குறிக்கும் எண்) அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒன்று 172.18 என்றும் மற்றொன்று 192.168 என்றும் தொடங்கியது. ரவுட்டரும் சர்வரும் ஆளுக்கொரு பக்கம் முகவரி வழங்கிக்கொண்டிருந்தன. ரவுட்டரின் டிஎச்சிபியை, அதாவது தானாக முகவரி வழங்கும் வசதியை, நிறுத்தியதும் சரியாயிற்று. ஆனால் அந்தக் குழந்தை தன்னையே குறை சொல்லிக்கொண்டது இன்னும் மனத்தை உறுத்துகிறது.

லேப் பொறுப்பாளர்:
நிறுத்தியது சரிதான், ஆனால் அதோடு விட்டால் போதாது. யாராவது ரீசெட் பொத்தானை அழுத்தினால் டிஎச்சிபி திரும்ப உயிர் பெற்றுவிடும். ரவுட்டருக்கு சர்வரின் நெட்வொர்க்கிலேயே, டிஎச்சிபி வழங்கும் வரம்புக்கு வெளியே, ஒரு நிலையான முகவரி கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்கவே திண்டாடுவீர்கள். எங்களுக்கு நேர்ந்தது வேறு. மின்தடைக்குப் பின் சர்வர் எழுந்தபோது அதன் இரு நெட்வொர்க் கார்டுகளின் ஈத்0, ஈத்1 என்ற பெயர்கள் இடம் மாறிவிட்டதால், அது மோடம் பக்கம் பார்த்து முகவரி வழங்கத் தொடங்கியது. கம்பிகளைப் பிடுங்கிச் செருகியே அரை நாள் போயிற்று. ஒவ்வொரு கார்டின் மேக் முகவரியோடும் (கார்டுக்கே உரிய அடையாள எண்) அதன் பெயரைப் பிணைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

மற்றொரு ஆசிரியர்:
இருவரும் முகவரியைப் பற்றியே பேசுகிறீர்கள். வைஃபையில் காற்றுவெளிதான் முதல் சிக்கல் என்பது என் கருத்து. அடுத்தடுத்த அறைகளில் இரண்டு ஆக்சஸ் பாயிண்டுகளும் ஒரே சேனலில் (வைஃபை அலைவரிசையின் ஒரே பகுதியில்) இருந்ததால், ஒரு வகுப்பு காணொளியைத் திறந்த கணமே மற்ற வகுப்பில் எல்லாத் திரைகளிலும் வட்டம் சுழல ஆரம்பித்தது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். ஆகவே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று படியாத 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களை மட்டும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். கருவிகள் ஆதரித்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், அது சுவரை அவ்வளவாகத் தாண்டாது என்பதே அடுத்தடுத்த வகுப்பறைகளுக்கு நல்லது. சிக்னலின் திறனைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். ஆக்சஸ் பாயிண்டுக்குக் கம்பி இழுக்கும்போது 100 மீட்டரைத் தாண்டாதீர்கள்.

கணினி ஆசிரியை:
ரீசெட் பற்றி எழுதியது உண்மை. ரவுட்டருக்கு நிலையான முகவரி கொடுத்து, அதை உயரத்தில் பூட்டிய பெட்டிக்குள் வைத்துவிட்டேன். சேனலை நாளை பார்க்கிறேன்.