தளபாடங்களை நகர்த்துவதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறீர்களா?

வணக்கம். ஸ்காபரோவில் வீடுகளுக்குச் சென்று கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழிலை ஓர் உதவியாளருடன் நடத்தி வருகிறேன். இதே தொழிலில் உள்ளவர்களின் ஆலோசனை எனக்குத் தேவைப்படுகிறது.

இதுவரை, அறைக்கு இவ்வளவு என்று பேசிய விலைக்குள்ளேயே சோபா, கட்டில் முதலியவற்றை நகர்த்துவதையும் சேர்த்து வந்தேன். ஆனால் நகர்த்துவதோடு வேலை முடிவதில்லை. சுடுநீர் பாய்ச்சி உறிஞ்சிய கார்ப்பெட் காய்வதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால், திரும்ப வைக்கும் ஒவ்வொரு காலின் கீழும் அலுமினியத் தாளோ ஸ்டைரோஃபோம் துண்டோ வைக்காவிட்டால், மரச்சாயமோ இரும்புத் துருவோ ஈரத்தில் இறங்கி, எளிதில் போகாத கறையாகிவிடுகிறது.

சென்ற மாதம் ஒரு வீட்டில் புத்தகங்களோடு அலுமாரியை நகர்த்தியபோது அதன் கால் ஒடிந்தது (அது முன்பே ஆடிக்கொண்டிருந்தது என்பது என் கட்சி). பேசிய கூலியில் பாதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. நாம் கையாளும் பொருளுக்கு ஏற்படும் சேதம் என் காப்புறுதியில் விலக்கப்பட்டிருப்பதை அதன் பின்னரே வாசித்தறிந்தேன்.

பியானோ, மீன்தொட்டி, கண்ணாடி அலுமாரி, கணினி ஆகியவற்றைத் தொடுவதில்லை என்று இனி முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவிருக்கிறேன். மற்றவற்றுக்குப் பொருள் வாரியாகக் கட்டணம் வாங்குகிறீர்களா, அல்லது விலையைச் சற்று உயர்த்திவிட்டு, அறையை ஒழித்துத் தருபவர்களுக்குக் கழிவு கொடுக்கிறீர்களா? தனியாக வாழும் முதியவர்களிடம் மேலதிகமாகக் கேட்க எனக்கு மனம் வருவதில்லை; அவர்கள் விடயத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதையும் அறியத் தாருங்கள்.